ஆறெழுத்துத் தப்பு

குன்னத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்து இறங்கிய ஜெகதாம்பாள், விதைப்பண்ணை ஆபீசுக்குள் நுழைந்ததும் யாரையும் தேடவில்லை. நேராகக் கம்ப்யூட்டர் இருந்த கண்ணாடி அறையின் வாசலில் போய் நின்று, நாலாக மடித்திருந்த தாளை விரித்துப் பிடித்தாள்.

“தப்பு சொல்ற மிஷின் இதானா?”

உள்ளே உட்கார்ந்திருந்த சிந்தாமணி தலையை ஆட்டினாள். யார் என்ன கேட்டாலும் அவளுடைய முதல் பதில் அதுதான். வாய் வருவதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். பத்தாம் வகுப்பை முடிக்காமல் நின்று, டைப் அடிக்கக் கற்றுக்கொண்டு, இங்கே வேலைக்கு வந்து மூன்று வருஷம். 1988-ம் வருஷத்து ஆடி மாதத்தில் பெரம்பலூரில் கம்ப்யூட்டரை நேரில் பார்த்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். பண்ணை முதலாளி அமிர்தலிங்கம் ஒன்றுக்கு இரண்டாக வாங்கியிருந்தார். ஒன்று இந்த ஆபீசில். இன்னொன்று அரியலூர்க் கிடங்கில். விற்றுவிட்டுப் போன திருச்சிக்காரர் தடியான ஆங்கிலப் புத்தகம் ஒன்றையும் விட்டுப் போயிருந்தார். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைப் படித்துப் படித்து, சிந்தாமணி தானே ஒரு புரோகிராம் எழுதியிருந்தாள். அதன் பெயர் ‘பார்’.

பாருக்கு ஒரே வேலை. ஊர் ஊராக விவசாயிகள் விளைவித்துக் கொடுக்கும் பருத்தி விதையின் விவரம் தாளில் வரும். இன்னாருடைய மூட்டை, ஈரம் இவ்வளவு, நூறு விதை போட்டால் முளைப்பது இவ்வளவு. அதை அரியலூரில் டைப் அடித்து ஏற்றுவார்கள். ஈரம் பத்துக்கு மேல் போகாமல், முளைப்பு அறுபத்தைந்துக்குக் குறையாமல் இருந்தால் பார் பேசாமல் இருக்கும். மூட்டை வாயில் தைக்கிற டேக் அச்சாகும். இல்லாவிட்டால் பார் ஒரு சொல் சொல்லிவிட்டு நின்றுவிடும்.

அந்தச் சொல்தான் இப்போது ஜெகதாம்பாளின் கையில் இருந்தது. நாற்பது பேரின் விவரம் எழுதிய குன்னத்துத் தாளில், குறுக்கே, சிவப்பு மையில்: தப்பு.

“ஒம்போது நாள்ல மூணு தரம் திரும்பி வந்துடுச்சு. எழுதுனது எல்லாம் சரியாத்தான் இருக்குன்னு எங்க ஊரு எழுத்தரு அடிச்சு சொல்றாரு. திருப்பி அனுப்புனா மறுபடியும் தப்பு. அதைக் கொண்டுபோயி ஊரு விதை சென்டர் செவுத்துல ஒட்டிட்டாங்க, நான்தான் பிச்சு எடுத்துட்டு வந்திருக்கேன். பங்காளி வூட்டுக்காரி குழாயடில நிக்க வெச்சுக் கேக்குறா, என்ன ஜெகதா, தப்புப் பண்ணிட்டியாமேன்னு. நாலு பேரு சிரிக்கிறாங்க. யாரு தப்பு? சொல்லு பொண்ணு. நான் என்ன தப்புப் பண்ணுனேன்?”

சிந்தாமணிக்குக் காது சுட்டது. திரையில் தமிழ் எழுத்து வராது. சுருக்கமாக ஒரு சொல் வேண்டும். டி, எச், ஏ, பி, பி, யு என்று ஆறெழுத்தைப் போட்டால் போயிற்று என்று ரெண்டு வருஷத்துக்கு முன்னால் அரை நிமிஷத்தில் முடிவு செய்தவள் அவள்தான். அது குன்னத்துக் குழாயடி வரைக்கும் போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

சத்தம் கேட்டு அமிர்தலிங்கம் எழுந்து வந்தார். “இங்க பாரும்மா, ஆடிப்பட்டம் பாதி போயிடுச்சு. சனிக்கெழம காலைல அரியலூர்லேர்ந்து லாரி கெளம்புது. டேக் தெச்ச மூட்டை ஏறும். தெக்காத மூட்டை மாட்டுத் தீவனத்துக்குப் போவும். நான் என்ன பண்ணட்டும்?”

“மாட்டுக்கா?” ஜெகதாம்பாளின் குரல் இறங்கிவிட்டது. “நானும் என் மவளும் ஒவ்வொரு மொட்டா கையால உரிச்சு, மகரந்தம் தேச்சு, நூல் கட்டி எடுத்த கொட்டைங்க. மாடு திங்கவா?”

அமிர்தலிங்கம் சிந்தாமணியின் பக்கம் திரும்பினார். “எந்த வரியில கோளாறுன்னு மிஷினு சொல்லாதா?”

“சொல்லாதுங்க. மொத கோளாறு வந்ததுமே நின்னுடும்.” சொல்லி முடிப்பதற்குள்ளேயே அவள் மனம் எங்கோ ஓடிவிட்டது. “ஆனா... சொல்ல வெக்கலாம்.”

அன்று வியாழக்கிழமை. ஜெகதாம்பாளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுச் சிந்தாமணி விசைப்பலகையில் கை வைத்தாள். சோற்று டப்பாவைத் திறக்கவில்லை. முதல் கோளாறோடு நிற்காதே, கடைசி வரி வரைக்கும் போ. எந்த வரி என்று சொல். அந்த வரியில் என்ன என்று சொல். ஒவ்வொன்றாகப் பாருக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போனாள். பொய்யான தாள் ஒன்றை ஏற்றி ஓட்டிப் பார்த்தபோது, ரெண்டு வருஷமாக ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்த மிஷின், ‘வரி 4: ஈரம் கூட’, ‘வரி 9: முளைப்பு கொறவு’ என்று ஆங்கில எழுத்தில் வரிசையாகச் சொல்லிற்று. கடைசியாக, அந்த ஆறெழுத்தைத் தேடிப் பிடித்து அழித்தாள். அதை அழிக்கும்போது வந்த சந்தோஷம்தான் பெரிது.

சாயங்காலம் அரியலூருக்கு டிரங்க் கால் கிடைத்தது. அந்தக் கிடங்கில் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவன் மதுரைவீரன். முப்பது வயது. வாய் ஓயாது.

“அண்ணே, பார் புதுசா எழுதியிருக்கேன். காலைல எடுத்துட்டு வரேன்.”

“எழுது தாயி, எழுது. ஆனா ஒன்னு. என் பேட்ச் பைல் பதினொன்னு இருக்கு. ஒரு தடவ தட்டுனா பாரக் கூப்ட்டு, டேக் அடிச்சு, கணக்கெடுத்து எல்லா வேலையும் அதுங்களே வரிசையாப் பாத்துக்கும். ரெண்டு வருஷமா ஒன்னு மேல ஒன்னா அடுக்கி வெச்சிருக்கேன். எத எதுக்கு எழுதுனேன்னு எனக்கே நெனவில்ல. நேத்து ஓடுன மாதிரி நாளைக்கும் ஓடணும்.”

“உங்க பைல்ல நான் கையே வெக்கல அண்ணே.”

“கைய வெக்காம வா. பட்டத்து நேரத்துல அதத் தொட்டா பாம்புப் புத்துல கை விட்ட மாதிரி.”

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சிந்தாமணியும் ஜெகதாம்பாளும் அரியலூர் பஸ் ஏறினார்கள். சிந்தாமணியிடம் ரெண்டு பிளாப்பி. ஒன்றில் புதுப் பார். இன்னொன்றில் புரோகிராம் எழுதுவதற்கான சாமான். பஸ்ஸில் பாட்டுப் பெட்டி அலறிக்கொண்டிருந்தது. தலைக்கு மேலே இருந்த ஸ்பீக்கரைப் பார்த்ததும் சிந்தாமணி எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் போனாள்.

“ஏன் பொண்ணு, சீட்ட வுட்டுட்டு?”

“ஸ்பீக்கர்ல காந்தம் இருக்குக்கா. பிளாப்பில எழுதுனது அழிஞ்சிடும்.”

“அப்ப எங்கிட்ட குடு.” ஜெகதாம்பாள் வாங்கி, புடவைத் தலைப்பில் சுற்றி, மடியில் வைத்துக் குனிந்து உட்கார்ந்துகொண்டாள். பிள்ளையைத் தூக்கி வருகிறவளுக்கு இடம் விடுவதுபோல அவளுக்கு எல்லாரும் ஒதுங்கினார்கள். சிந்தாமணிக்குச் சிரிப்பாக வந்தது. வழியெல்லாம் மானாவாரிக் காடு உழுது கிடந்தது. விதைக்குக் காத்திருக்கிற மண். தன் கையால் எழுதிய ஒன்று இந்த மண் வரைக்கும் போய்ச் சேரப்போகிறது என்று நினைத்தபோது, பஸ் இன்னும் கொஞ்சம் வேகமாகப் போகக்கூடாதா என்றிருந்தது.

கிடங்கு வாசலில் லாரி வந்து நின்றிருந்தது. உள்ளே சுவரோரம் மூட்டைகள் ஆளுயரத்துக்கு. மூலையில் தடுத்த அறையில் கம்ப்யூட்டர், பிரிண்டர், மதுரைவீரன். அவன் பக்கத்தில் புதிதாக ஒரு பெண், பதினெட்டு வயதிருக்கும், முதுகு வளையாமல் உட்கார்ந்து வேகமாக டைப் அடித்துக்கொண்டிருந்தாள்.

“இது ரெங்கம்மாள். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ். ஆடி பொறந்த அன்னிக்கு வேலைக்கு வந்துச்சு. பழகட்டும்னு குன்னத்துத் தாள மட்டும் குடுத்திருக்கேன். கை ரயிலு மாதிரி போவும்,” என்றான் மதுரைவீரன். பிறகு ஜெகதாம்பாளைப் பார்த்து, “இந்தம்மா?” என்றான்.

“நீ செவப்பு மையில தப்புன்னு எழுதி அனுப்புனியே, அந்த நாப்பது பேர்ல ஒருத்தி.”

“நான் எங்கம்மா எழுதுனேன். மிஷினு சொல்லுச்சு, நான் எழுதுனேன்.”

“நல்லாச் சொன்ன போ.”

புதுப் பாரைப் போட்டார்கள். முதலில் கீழப்பழுவூர்த் தாள். அது மதுரைவீரனே டைப் அடித்து நேற்றிலிருந்து நின்றுபோயிருந்தது. அவன் பேட்ச் பைலின் பெயரைத் தட்டினான். பிளாப்பி கறகறத்தது. அடுத்த நிமிஷம் பிரிண்டர் கத்த ஆரம்பித்தது. டேக் டேக்காக, ஒன்றோடொன்று ஒட்டிய அட்டைகள் பின்பக்கமாக மடிந்து மடிந்து விழுந்தன.

“அட்ரா சக்கை,” என்றான் மதுரைவீரன். “நேத்து முழுக்க நின்ன தாளு, பாரு, ஓடுது. சிந்தாமணி, உனக்குக் கை ராசி.”

ஜெகதாம்பாள் கைகூப்பிவிட்டாள். “அடுத்தது எங்க ஊருதான?”

சிந்தாமணிக்குக் கால் தரையில் பாவவில்லை. குனிந்து ஓர் அட்டையை எடுத்துப் பார்த்தாள். தன் புரோகிராம் அனுமதித்து வந்த டேக். ஈரம் எட்டு. முளைப்பு எழுபத்தாறு. அடுத்தது, முளைப்பு எழுபது. அதற்கடுத்தது, முளைப்பு நாற்பத்தொன்று.

மறுபடியும் பார்த்தாள். நாற்பத்தொன்று. நூறு விதை போட்டால் ஐம்பத்தொன்பது முளைக்காது. கீழே நல்ல விதை என்று அச்சாகியிருந்தது.

“நிறுத்துங்க.”

அவள் கத்தியதை அவளே எதிர்பார்க்கவில்லை. கிடங்கில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள். மதுரைவீரன் வாயைத் திறந்தபடி நின்றான். சிந்தாமணி அவன் கையைத் தாண்டிப் போய்ப் பிரிண்டரின் சுவிட்சை அணைத்தாள்.

“என்னாச்சு?”

“கெட்ட விதைக்கும் டேக் அடிக்குது அண்ணே.”

அட்டையைப் பார்த்ததும் மதுரைவீரனின் முகம் மாறிவிட்டது. அச்சானவற்றையெல்லாம் வாரி எடுத்து நாலாகக் கிழித்தான். “கைய வெக்கலன்னு சொன்னியே.”

“உங்க பைல்ல கை வெக்கல. உங்க பைல் பாரோட பதில எப்படி வாங்குது? அத மட்டும் சொல்லுங்க.”

“எப்படின்னா? பார் சொல்றதத் திரைக்கு வர வுடாம, மடக்கி ஒரு தனிப் பைலுக்குத் திருப்பி வுட்டுருவேன். பொறவு அந்தப் பைல்ல டி, எச், ஏ, பி, பி, யு இருக்கான்னு தேடும். இருந்தா நிக்கும். நின்னுச்சுன்னா நான் உள்ள தொறந்து பாத்து, இருக்கறத அப்படியே தாள்ல எழுதுவேன். இல்லன்னா சரின்னு அர்த்தம். டேக் அடிக்கும்.”

சிந்தாமணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அவள் அவன் பைல்களைத் தொடவில்லை. ஆனால் அவன் பைல்கள் அவள் சொல்லின் மேல் காலூன்றி நின்றிருக்கின்றன. நேற்று அவள் சந்தோஷமாக அழித்த சொல் வீட்டைத் தாங்கி நின்ற கால். புதுப் பார் கீழப்பழுவூரில் ரெண்டு மோசமான மூட்டையைக் கண்டுபிடித்து, வரி எண்ணோடு, விவரத்தோடு, அழகாகச் சொல்லியிருக்கிறது. கேட்க வேண்டிய பைலுக்கு அந்த மொழி தெரியவில்லை. தப்பு என்று சொல்லாததால் எல்லாம் சரி என்று எடுத்துக்கொண்டது.

“பார் ஒரு நம்பரும் திருப்பிக் குடுக்குது அண்ணே. சரியா இருந்தா சைபர், இல்லன்னா ஒன்னு. அதப் பாத்திருக்கலாமே.”

“நம்பரா? எனக்கு யாரு சொன்னா? ரெண்டு வருஷமா நீ எங்கிட்ட பேசுனது மொத்தம் பத்து வார்த்த. கண்ணுக்குத் தெரிஞ்சது அந்த ஆறெழுத்துதான். அதப் புடிச்சுக்கிட்டேன்.”

அவன் சொன்னது உண்மை.

“பதினோரு பைலயும் மாத்த எவ்ளோ நாளாவும்?”

“ஒன்ன ஒன்னு கூப்புடும், அது இன்னொன்னக் கூப்புடும். போன தடவ ஒன்ன மாத்தி அஞ்சு நாள் முழிச்சேன். லாரி நாளைக்குக் கெளம்புது. நீ பேசாம அந்த வார்த்தைய மறுபடியும் போட்டுடு.”

“போடாத,” என்றாள் ஜெகதாம்பாள்.

ரெண்டு பேரும் திரும்பினார்கள்.

“அந்த வார்த்தைய எடுக்கத்தான் நான் நேத்து முழுக்க அந்தப் பெஞ்சுல உக்காந்திருந்தேன். மறுபடியும் எங்க ஊரு செவுத்துல அது ஏறக்கூடாது.”

“அது இல்லன்னா என் பைலு பதினொன்னும் குருடும்மா.”

ஜெகதாம்பாள் கம்ப்யூட்டரைக் கை காட்டினாள். “உன் பைலுக்குத் தமிழு தெரியுமா?”

“தெரியாது. எழுத்துதான் தெரியும்.”

“தப்புன்னா அதுக்குக் கோவம் வருமா?”

“அதுக்கு ஏது கோவம்?”

“அப்ப அதுகிட்ட என்னத்த வேணா சொல்லிக்குங்க. எனக்குத்தான மானம் ரோசம் இருக்கு. எங்கிட்ட வேற மாதிரி சொல்லச் சொல்லு.”

மதுரைவீரன் சிரித்தான். சிந்தாமணி சிரிக்கவில்லை. எழுந்து நின்றாள், உட்கார்ந்தாள், மறுபடியும் எழுந்தாள்.

திருச்சிக்காரர் விட்டுப் போன புத்தகத்தில் ஒரு பக்கம் அவள் கண்முன் வந்து நின்றது. இது எதற்கு ஆகப்போகிறது என்று தாண்டிப் போன பக்கம். புரோகிராம் பேசுவதற்கு ரெண்டு வழி உண்டு. ஒரு வழியில் பேசினால், யாராவது மடக்கித் திருப்பினால் திரும்பிய பக்கம் போகும். இன்னொரு வழியில் பேசினால், யார் எங்கே மடக்கினாலும் நேராகத் திரைக்குத்தான் போகும்.

“அண்ணே, ரெண்டு வாய் வெச்சிடலாம்.”

“எதுக்கு?”

“பாருக்கு. ஒரு வாயில உங்க பைலுக்கு அந்த ஆறெழுத்து. பழையபடி, அதே மாதிரி, அந்த நம்பர்கூட மாறாது. இன்னொரு வாயில நமக்கு. எந்த வரி, என்ன கோளாறு, எல்லாம் திரையில வரும். பைலு திரையப் பாக்காது. நாம பைலுக்குள்ள பாக்க வேணாம். நீங்க திரையில இருக்கறத மட்டும் தாள்ல எழுதி அனுப்புங்க.”

அவளை இவ்வளவு பேசி அவன் பார்த்ததில்லை. “எவ்ளோ நேரமாவும்?”

“சோறு சாப்புடற நேரம்.”

முக்கால் மணியில் முடிந்தது. ஆனால் இந்தத் தடவை சிந்தாமணி பிரிண்டரைத் தொடவிடவில்லை. பழைய பாரை எடுத்து, கீழப்பழுவூர்த் தாளை வைத்துப் பதினோரு பேட்ச் பைலையும் ஒவ்வொன்றாக ஓட்டி, அவை விட்டுச் செல்லும் பதிலையெல்லாம் ஒரு பிளாப்பியில் சேர்த்துக்கொண்டாள். பிறகு புதுப் பாரைப் போட்டு அதே பதினொன்றையும் மறுபடி ஓட்டினாள். ரெண்டு பக்கத்துப் பதிலையும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்க்கக் கம்ப்யூட்டருக்குச் சொன்னாள். மதுரைவீரன் கபடி ஆட்டத்துக்குப் புள்ளி சொல்கிறவன்போல நின்று சொல்லிக்கொண்டிருந்தான்.

“ஒன்னு, சரி. ரெண்டு, சரி. மூணு...”

ரெங்கம்மாளும் எழுந்து வந்துவிட்டாள். ஜெகதாம்பாளுக்கு என்ன நடக்கிறது என்று முழுசாகப் புரியாவிட்டாலும், ஒவ்வொரு ‘சரி’க்கும் தலையை ஆட்டினாள். எட்டு, சரி. ஒன்பது, சரி. பத்தாவதில் திரை முரண்டு பிடித்தது. ஒத்துப்போகவில்லை.

“இது என்ன பைல் அண்ணே?”

மதுரைவீரன் நெற்றியைத் தேய்த்தான். “இது... இரு இரு. ஆங். ஒரு நாளைக்கு எத்தன தாளு நிக்குதுன்னு எண்ணுற பைலு. அந்த ஆறெழுத்து எத்தன வாட்டி இருக்கோ அத்தன தாளுன்னு எழுதியிருக்கேன். மொதலாளி மாசாமாசம் கேப்பாரு.”

சிந்தாமணி வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். பழைய பார் முதல் கோளாறிலேயே நின்றுவிடும். தாளுக்கு ஒரு தப்புதான் சொல்லும். புதுசு கடைசி வரைக்கும் போவதால், கீழப்பழுவூரின் ரெண்டு கெட்ட மூட்டைக்கு ரெண்டு தடவை சொல்லியிருக்கிறது. எண்ணுகிற பைல் ஒரு தாளை ரெண்டு தாள் என்று எண்ணிவிட்டது.

“எத்தன கோளாறு இருந்தாலும் பைலுக்கு ஒரு தடவதான் சொல்லணும். மிச்சமெல்லாம் திரைக்கு.” சொல்லிக்கொண்டே மாற்றினாள். மறுபடி ஒன்றிலிருந்து. இந்தத் தடவை நாலு பேரும் சேர்ந்து எண்ணினார்கள். பத்து, சரி. பதினொன்று, சரி.

“இப்ப கீழப்பழுவூர் தட்டுங்க.”

தட்டினான். பிரிண்டர் அசையவில்லை. திரையில் மட்டும் ரெண்டு வரி வந்தது. எந்த ரெண்டு மூட்டைக்கு முளைப்புக் குறைவு என்று வரி எண்ணோடு சொல்லிற்று. அவற்றை நீக்கிவிட்டு ஓட்டினார்கள். மற்ற மூட்டைகளுக்கு மட்டும் டேக் வந்தது. மதுரைவீரன் ஒவ்வொரு டேக்கையும் கண்ணருகில் கொண்டுபோய்ப் பார்த்த பிறகுதான் கீழே வைத்தான்.

“இப்ப எங்க ஊரு,” என்றாள் ஜெகதாம்பாள். அவள் குரல் மெதுவாக இருந்தது.

குன்னத்துத் தாளைத் தட்டினார்கள்.

திரை நிரம்பிவிட்டது. வரி 2. வரி 5. வரி 6. வரி 9. மேலே போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் எண்ணிப் பார்த்தால் நாற்பதில் பதினேழு. முப்பத்தொன்றாவது வரியில் ஜெகதாம்பாள். எல்லாவற்றிலும் ஒரே குறை: ‘எண் இல்லை’.

“எண் இல்லையா? நான் பாத்துப் பாத்து அடிச்சேங்க,” என்றாள் ரெங்கம்மாள். அவள் கண் கலங்கிவிட்டது. “மூணு தடவையும் தாளோட ஒத்துப் பாத்தேன். எழுத்து மாறல.”

மதுரைவீரன் தாளையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தான். ஜெகதாம்பாளின் வரியில் தாளில் முளைப்பு எண்பத்தொன்று. திரையிலும் எண்பத்தொன்று. “ரெண்டும் ஒன்னுதான இருக்கு. பார் கண்ண மூடிக்கிட்டு சொல்லுதா?”

சிந்தாமணி திரைப் பக்கம் குனிந்தாள். பதினேழு வரியையும் விரலால் தொட்டுக்கொண்டே போனாள். ஈரம் ஒன்பது புள்ளி ஒன்று. முளைப்பு எழுபத்தொன்று. முளைப்பு அறுபத்தெட்டு, ஈரம் எட்டு புள்ளி ஒன்று. எண்பத்தொன்று. மீதி இருபத்துமூன்று வரியையும் பார்த்தாள். அவற்றில் ஒன்று என்கிற எண்ணே கிடையாது. பதினேழு வரியில் ஒவ்வொன்றிலும் ஓர் ஒன்று. முதல் வரியோடு நின்றிருந்தால் இது ஒருநாளும் தெரிந்திருக்காது.

ரெங்கம்மாளின் பக்கம் திரும்பினாள்.

“ரெங்கம்மா, ஒன்னு அடி பாப்போம்.”

ரெங்கம்மாள் முதுகை நிமிர்த்தி, கண்ணை மூடிக்கொண்டு அடிப்பவளைப்போல, வலது கையின் மோதிர விரலைத் தட்டினாள். மேல் வரிசையில் இல்லை. நடு வரிசையில்.

“நெனச்சேன்,” என்றாள் சிந்தாமணி. “நானும் அப்படித்தான் கத்துக்கிட்டேன். இன்ஸ்டிட்யூட்ல இருந்தது பழைய மிஷினு. அதுல ஒன்னுங்குற சாவியே கெடையாது. ஒன்னு வேணும்னா சின்ன ‘எல்’ எழுத்த அடிக்கச் சொல்லுவாங்க. தாள்ல பாத்தா ஒன்னு மாதிரியேதான் இருக்கும். ஆனா பாருக்கு அது எழுத்து, எண்ணு இல்ல. இங்க வந்து மொத வாரம் நானும் அதான் அடிச்சேன்.”

மதுரைவீரன் திரைக்கு மூக்கு முட்டும் அளவுக்குக் குனிந்தான். பச்சைத் திரையில் ரெண்டும் இரட்டைப் பிள்ளை மாதிரி. ரொம்ப உற்றுப் பார்த்தால் ஒன்றுக்கு மூக்கு கொஞ்சம் சாய்ந்திருந்தது. “நான் இங்க நேரா மிஷின்லயே கத்துக்கிட்டவன். எனக்கு எப்படித் தெரியும்?”

“அப்ப யாரு தப்பு?” என்று கேட்டாள் ஜெகதாம்பாள். ரெண்டு நாளாக அவள் கேட்டுக்கொண்டிருந்த அதே கேள்வி.

ரெங்கம்மாள் தலையைக் குனிந்துகொண்டாள். சிந்தாமணி அவள் தோளில் கை வைத்தாள்.

“யாரு தப்பும் இல்லக்கா. அந்தப் பழைய மிஷின்ல ஒன்னு இல்ல. அவ்ளோதான்.”

“ஒன்னு இல்லாததுக்கா ஒம்போது நாளு?” ஜெகதாம்பாள் மோவாயில் கை வைத்தாள். பிறகு ரெங்கம்மாளைப் பார்த்தாள். “சரி சரி, அழுவாத. கண்ணத் தொடச்சிட்டு இப்ப சரியான ஒன்ன அடி. நான் பாக்குறேன்.”

ரெங்கம்மாள் பதினேழு வரியையும் திருத்தினாள். ஒவ்வொரு தடவையும் மோதிர விரல் பழைய இடத்துக்கே ஓடிற்று. அதை இழுத்துப் பிடித்து மேலே கொண்டுபோனாள். மதுரைவீரன் தட்டினான். திரை ஒன்றுமே சொல்லவில்லை. நாலு பேரும் மூச்சுவிடாமல் அந்த ஒன்றுமில்லாத பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிளாப்பி கறகறத்து ஓய்ந்தது. பிரிண்டர் கத்தத் தொடங்கியது.

முதல் டேக்கைச் சிந்தாமணி எடுத்துப் பார்த்தாள். இரண்டாவது, மூன்றாவது. நாற்பதையும் பார்த்தாள். பிறகுதான் தையல்காரரைக் கூப்பிட்டார்கள். முப்பத்தொன்றாவது டேக்கை மட்டும் ஜெகதாம்பாள் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே மூட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, கோணி ஊசியை வாங்கித் தானே தைத்தாள். முளைப்பு எண்பத்தொன்று. நாற்பது பேரில் அதுதான் அதிகம்.

நூலை அறுத்துவிட்டு நிமிர்ந்தவள், “அந்த வார்த்த போயிடுச்சுல்ல?” என்றாள்.

போய்விட்டது என்று சொல்லிவிடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. சிந்தாமணி அவள் கிட்டே போனாள். “போவலக்கா. உள்ள இருக்கு. அதப் பாத்துத்தான் அவரு பைல் நிக்குது. எடுத்தா கெட்ட விதையும் வெளிய போயிடும். ஆனா தாள்ல வராது. செவுத்துல வராது.”

ஜெகதாம்பாள் கோணி ஊசியைத் திருப்பிக் கொடுத்தாள். “இருந்துட்டுப் போவட்டும். எங்க வூட்டுலயும் அப்படித்தான். மாமியார் காதுக்குச் சொல்றது ஒன்னு, ஊரு காதுக்குச் சொல்றது ஒன்னு. ரெண்டும் பொய்யில்ல.”

மூட்டைகள் லாரியில் ஏறத் தொடங்கின. மதுரைவீரன் ஒரு தாளையும் பேனாவையும் கொண்டுவந்து சிந்தாமணியின் முன்னால் போட்டான். “பன்னெண்டாவது பைல் ஒன்னு எழுதப் போறேன். அதுக்கு முன்னாடி உன் பாரு என்னென்ன சொல்லும், எது மாறும், எது மாறாதுன்னு எல்லாத்தையும் எழுதிக் குடு.”

“எழுத வேணாம் அண்ணே,” என்றாள் சிந்தாமணி. “உக்காருங்க. சொல்றேன்.”

கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ரெண்டு மணி நேரம் இருந்தது. அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.